தயார் செய்யக் கூடாத பரீட்சை

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மௌனிகாவின் ஷூ சிறிதாகிவிட்டது என்று இன்று காலை வேன் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. விடுமுறையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். போட்டுப் பார்த்தாளாம். ஒற்றைக் காலில் மட்டும். பழைய செருப்போடு அனுப்பினேன்.

பத்தாம் வகுப்பு. நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. அவளுக்கு இல்லை, எனக்கு. பத்தில் தேறி, பதினொன்றில் உயிரியல் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெயர்தான் மௌனிகா, வாய் ஓயாது. மனித உடம்பில் உள்ள எலும்புகளை எல்லாம் பெயர் சொல்லி அழைப்பாள். அந்தப் பெயர்களையே காகிதத்தில் காட்டிப் படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும்.

அதனால் நான் வாசிக்கிறேன். காலையில் குக்கர் விசில் அடிப்பதற்குள் அறிவியலில் ஒரு பாடம், தோசை ஊற்றும்போது சமூக அறிவியல். ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். சாயங்காலம் முன்னறை நிறைய டியூஷன் பிள்ளைகள். ஓசூரில் எங்கள் பேட்டையில் சுகுணா மிஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்த சுகுணா மிஸ்ஸின் ஒரே மகளுக்கு வாசிக்க வராது என்பது மட்டும் பேட்டைக்குத் தெரியாது.

ஜூன் 14, புதன்

பால் திரிந்துவிட்டது. டியூஷனுக்குப் புதிதாக இரண்டு பிள்ளைகள். கையெழுத்து இரண்டுமே கோழி கிளறியது போல.

ஜூன் 21, புதன்

வகுப்பு ஆசிரியை பியூலா மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். இந்த வருஷம்தான் சேர்ந்தவர். அமைதியாகப் பேசுகிறார், அதுவே பயமாக இருக்கிறது.

"மௌனிகாவை எங்கயாச்சும் காட்டியிருக்கீங்களா?" என்றார்.

காட்டாமல் என்ன! ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். "வீட்ல தெலுங்கு பேசுறீங்க, அதான் தமிழ் எழுத்து நிக்கல" என்றார். சரி என்று வீட்டில் தமிழில் பேசினோம். மூன்றாம் வகுப்பில் வேறொரு டீச்சர், "வீட்ல தமிழ் பேசினா இங்கிலீஷ் மீடியத்துல எப்படி வரும்?" என்றார். சரி என்று இங்கிலீஷில் பேசினோம். என் வீட்டுக்காரர் அந்த ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. கடைசியில் எல்லாரும் தெலுங்குக்கே திரும்பிவிட்டோம். பிள்ளை என்னவோ தெருவில் விளையாடியே கன்னடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். பேச்சு நாலு மொழியில், எழுத்து ஒன்றில்கூட இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு பியூலா மிஸ் சொன்னார்: "இது மொழியால வந்தது மாதிரி எனக்குத் தெரியல. கிருஷ்ணகிரியில அரசு ஆஸ்பத்திரியில சோதிப்பாங்க. சர்டிபிகேட் வந்தா பப்ளிக் பரீட்சையில கேள்வியைப் படிச்சுக் காட்ட ஆள் குடுப்பாங்க. கூடுதல் நேரம் குடுப்பாங்க. அக்டோபர் கடைசிக்குள்ள எங்க கைக்கு வரணும்."

"சர்டிபிகேட்ல என்னன்னு எழுதுவாங்க?"

"கற்றல் குறைபாடுன்னு."

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பத் தெரியாமல் நின்றேன். சாவியே போடவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

என் வீட்டுக்காரர் மளிகைக் கடையில் நின்றுகொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். "சுகுணா, என்ன வாங்கணும்?" எல்லாவற்றையும் எழுதி வாட்ஸப்பில் போட்டிருக்கிறேன், பார்க்கக் கூடாதா? "கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே சொல்லு" என்கிறார். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. வந்ததும் எடுத்துக் காட்டினேன், சிரித்தார்.

தொழிற்சாலையில் மறுபடியும் சூப்பர்வைசர் ஆகச் சொன்னார்களாம். வேண்டாம் என்றுவிட்டாராம். எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் "முனிராஜைக் கூப்பிடு" என்பார்கள், பதவி என்றால் மட்டும் ஓட்டம். ஆசை இல்லாத மனுஷன்.

ஜூலை 3, திங்கள்

மௌனிகாவே கேட்டுவிட்டாள். பியூலா மிஸ் அவளிடமும் பேசியிருக்கிறார்.

"கேள்வியை யாராச்சும் படிச்சுக் காட்டினா நான் எழுதிடுவேன்லம்மா? தப்பும் தவறுமா இருந்தாலும் எழுதிடுவேன்ல?"

"எழுதிடுவ."

"அப்ப போலாம்."

அவளுக்கு எல்லாம் சுலபம். டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு என்ன கவலை? எனக்கும் பெரிய கவலை ஒன்றும் இல்லை. சும்மா எழுதினேன். சோதனைக்கு ஆகஸ்ட் 2 தேதி கிடைத்திருக்கிறது.

ஜூலை 8, சனி

இன்று நல்ல காரியம் ஒன்று நடந்தது. பேருந்து நிலையத்தில் கோமளாவைப் பார்த்தேன். போன வருஷம் தன் மகனை இதே சோதனைக்குக் கூட்டிப் போனவள். டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். வாசிக்கக் கொடுப்பது தமிழில் யானைப்பாகன் கதை, இங்கிலீஷில் தபால்காரர் கதை. இரண்டும் பழைய பாடப்புத்தகத்தில் இருப்பவைதானாம், போட்டோ எடுத்து அனுப்பினாள். சொல்வதெழுதுவதற்கு வந்த வார்த்தைகளும் அவள் மகனுக்கு ஞாபகம் இருக்கின்றன. கணக்குகூட.

இப்படி ஒன்று கைக்குக் கிடைத்த பிறகு சும்மா இருந்தால் நான் என்ன டியூஷன் மிஸ்? பரீட்சை என்றால் பரீட்சைதான். ஒன்றுமே தெரியாமல் போய் உட்கார்ந்தால், இந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று சோதிக்கிறவர் நினைத்துவிட மாட்டாரா?

ஜூலை 9, ஞாயிறு

யானைப்பாகன் இரண்டு தடவை. தபால்காரர் மூன்று தடவை. மௌனிகா, "இதை எதுக்கும்மா படிக்கிற?" என்றாள். "கேளு, சொல்றேன்" என்றேன். அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஜூலை 22, சனி

சொல்வதெழுதலில் எல்லா வார்த்தையும் சரி! படம் வரைவது போல எழுத்தை வரைகிறாள், இருந்தாலும் சரி. பதினாறு வயதை நெருங்கும் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். துடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2, புதன்

காலை முதல் பேருந்தில் கிருஷ்ணகிரி. சோதிப்பவர் ஜெயசீலன் என்ற உளவியலாளர். சின்ன வயதுதான், தலைமுடி மட்டும் அவசரப்பட்டு நரைத்திருக்கிறது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட பிள்ளைகள். பாவம், அவருக்கு மூச்சு விட நேரமில்லை.

"வீட்ல என்ன மொழி?"

"தெலுங்கு சார்."

"தெலுங்குல எங்கிட்ட டெஸ்ட் இல்லயே. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எடுக்கிறேன். குடும்பத்துல வேற யாருக்காவது படிக்கிறதுல சிரமம் இருக்கா? அப்பா, சித்தப்பா?"

"இல்ல சார், யாருக்கும் இல்ல" என்றேன்.

என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை. மௌனிகாவின் குரல் கேட்டது. யானைப்பாகன், ஒரு தடங்கல் இல்லை. தபால்காரர், மழை போல. பக்கத்தில் இருந்த அம்மா, "உங்க பொண்ணா? நல்லாப் படிக்குதே, இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதுகூட இருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

முடிவு வந்துவிட்டது. 'வாசிப்பு வயதுக்கு ஏற்ற அளவில் உள்ளது. பன்மொழிச் சூழல் காரணமாகப் பாடங்களில் சற்றே பின்தங்கல். கற்றல் குறைபாடு இல்லை.'

இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்! வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினேன். டியூஷன் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். என்ன விசேஷம் மிஸ் என்று கேட்டார்கள், சும்மாதான் என்றேன்.

மௌனிகா சாப்பிடவில்லை. இனிப்பு என்றால் பறப்பவள். வயிறு சரியில்லை போல.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நிறைய வேலை முடிந்தது. பரண் சுத்தம் செய்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

அறிவியலில் மாதத் தேர்வு. வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எலும்பு மண்டலத்தில் இருந்துதான் பாதிக் கேள்விகள். பியூலா மிஸ் போனில் கேட்டார்: "எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. வகுப்புல ரெண்டு வரி படிக்கச் சொன்னா அழுதுடுது. அங்க எப்படி நார்மல்னு வந்துச்சு?"

"அந்தந்த நாள் அப்படி இருக்கும் மிஸ்" என்றேன். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

செப்டம்பர் 6, புதன்

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். மௌனிகாவாகவே பேசினாள். கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம்.

"அம்மா, அன்னிக்கு நான் படிக்கவே இல்ல."

"கேட்டேனே, நல்லாத்தானே படிச்ச."

"சொன்னேன். படிக்கல. கதை நடுவுல பக்கத்தைத் திருப்பணும், எங்க திருப்பணும்னு தெரியல. நீ படிக்கும்போது ஒரு இடத்துல மூச்சு விடுவ. அங்க திருப்பினேன். சரியா இருந்துச்சு."

உரித்த விதையைக் குப்பையிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டேன்.

"அந்த சாருக்குத் தெரியணும்னுதான் போனேன் அம்மா. அவருக்காவது தெரியட்டும்னு. ஆனா நீ வெளிய உட்கார்ந்திருந்த. நீ அவ்ளோ நாள் சொல்லிக்குடுத்த. தப்பாச் சொன்னா நீ அழுவியோன்னு இருந்துச்சு."

"நான் எதுக்குடி அழறேன்?"

"குறைபாடுன்னு எழுதினா எழுதட்டும். இப்ப எல்லாரும் என்னன்னு சொல்றாங்க தெரியுமா? டெஸ்ட்ல நார்மலாம், அப்ப சோம்பேறின்னு. கணக்கு சார் வகுப்புலயே சொல்லிட்டார்."

காயை எல்லாம் அவளிடமே தள்ளிவிட்டு எழுந்து போனேன். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதை நானே கெடுத்தேன். அவளுக்காகக் கெடுக்கவில்லை. எனக்காக.

செப்டம்பர் 8, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்தார்கள். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் வைத்துவிட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போன்ல வேணாம், நேர்ல போலாம். நானும் வர்றேன்" என்றார். ஆஸ்பத்திரி, ஆபீஸ், பேங்க் என்றால் பத்தடி தள்ளி நிற்கும் மனுஷன்.

செப்டம்பர் 27, புதன்

மூன்று பேரும் போனோம். பியூலா மிஸ் கொடுத்த கடிதத்தையும் வெள்ளைத்தாள் விடைத்தாளையும் ஜெயசீலன் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ஒரு தடவை முடிஞ்சா மறுபடியும் எடுக்க வலுவான காரணம் வேணும்ங்க. பின்தங்கினதுக்கு மொழிதான்னு எழுதியிருக்கேனே" என்றார்.

"அவளுக்குக் கதை முன்னாடியே தெரியும் சார். நான்தான் சொல்லிக்குடுத்தேன். வார்த்தையும் சொல்லிக்குடுத்தேன். கணக்கும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சலுகை வாங்கணும்னு, படிக்கத் தெரிஞ்ச பிள்ளையைத் தெரியாத மாதிரி நடிக்கச் சொல்லிக் கூட்டிட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். தெரியாத பிள்ளையைத் தெரிஞ்ச மாதிரி தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்தது நீங்கதாம்மா முதல் ஆள்."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அப்போது இவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"சார், போன தடவை குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டான்னு கேட்டீங்களாம். எனக்கு உண்டு. ஒரு பக்கம் படிக்கணும்னா தலை சுத்தும், எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். எட்டாவதோட நின்னுட்டேன். தெலுங்குக்காரப் பையன், தமிழ் வராதுன்னு அப்பவும் இதைத்தான் சொன்னாங்க. இவளுக்குத் தெரியாது சார். வீட்ல கண்ணாடி இல்லன்னு சமாளிப்பேன்."

தெரியாதாம். கல்யாணமான புதிதில் சினிமா போஸ்டரை என்னைப் படிக்கவிட்டுக் கேட்டாரே, அன்றைக்கே தெரியும். அவர் மறைக்க ஆசைப்பட்டார். நான் பார்க்காதது போல இருந்தேன். அதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மௌனிகா அப்பாவையே பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெயசீலன் சார் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. தெலுங்குன்னு கேட்டதும் காரணம் கிடைச்சிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். மொழிதான் காரணம்னா அவ பேச்சுலயும் அது தெரியணும். பேச்சை நான் பார்க்கவே இல்ல" என்றார். அக்டோபர் 12 வரச் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "தயவுசெய்து எதையும் சொல்லிக்குடுக்காதீங்க" என்றார்.

அக்டோபர் 5, வியாழன்

சொல்லிக்கொடுக்காமல் இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

இந்தத் தடவை என்னை உள்ளேயே உட்காரச் சொன்னார். மூலையில், மௌனிகாவின் முதுகுக்குப் பின்னால். "வாய் திறக்கக் கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது" என்று நிபந்தனை. என் டியூஷனில் நான் பேசுவது போலவே பேசினார்.

முதலில் பேச்சு. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ரத்னம்மா சிஸ்டரைக் கூட்டி வந்திருந்தார். தெலுங்குக்காரர். அவர் தெலுங்கில் ஒரு நீளமான கதை சொன்னார், நான் இதுவரை கேட்டதே இல்லை. மௌனிகா அதைத் திருப்பிச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. நடுவில் சிஸ்டர் மறந்துபோன ஒரு ஆளை, "அவன் என்ன ஆனான்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள். பிறகு அதையே தமிழில் சொன்னாள், இங்கிலீஷிலும் சொன்னாள்.

பிறகு ஒரு காகிதத்தை வைத்தார். புதிய பத்தி, தமிழில். எங்கள் யாருக்கும் தெரியாதது.

என் மகள் வாசித்து நான் கேட்டது இன்றுதான். இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் என் குரலைத்தான், அவள் வாயில். முதல் வார்த்தையில் நின்றாள். விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து போய்விட்டது, மறுபடியும் முதலில் இருந்து. இரண்டாவது வரியில் ஒரு சின்ன வார்த்தை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். அதில் மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் பார்ப்பாள். "இது எனக்கு வரல சார்" என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"பரவாயில்ல, அடுத்ததுக்குப் போ" என்றார் அவர்.

இங்கிலீஷும் அப்படியேதான். முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "பேச்சு மூணு மொழியிலயும் வயசுக்கு மேல இருக்கு. வாசிப்பு ரெண்டு மொழியிலயும் ரொம்பக் கீழ இருக்கு. இது மொழிப் பிரச்சினையே இல்லம்மா. நாலு மொழி பேசுறது அவ பலம். அதையே எல்லாரும் குறைன்னு சொல்லிட்டாங்க, நான் உள்பட."

மௌனிகா பேருந்தில் ஓசூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். காது வலித்தது. பேசட்டும் என்று விட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மருத்துவக் குழு கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வந்துவிட்டது. பள்ளியில் கொடுப்பதற்கு முன் மௌனிகா வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "படிச்சுக் காட்டு" என்றாள். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. அவள் கவனித்தாள்.

"சத்தமாப் படி."

சத்தமாகப் படித்தேன். முன்னறையில் டியூஷன் பிள்ளைகள் இருந்தார்கள்.

"இதுல சோம்பேறின்னு எங்கயும் இல்லல்ல?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

நன்றாகப் பார்த்துச் சொன்னேன், எங்கேயும் இல்லை.

நவம்பர் 6, திங்கள்

டியூஷனில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா, "தூரமா இருக்குங்க" என்றாள். அடுத்த தெருதான் வீடு. இன்னொரு அம்மா தன் மகனை அழைத்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "இவனையும் கொஞ்சம் பாருங்க மிஸ், எங்க காட்டணும்?" என்று கேட்டாள். அவனுக்கு வீட்டில் உருது. "எல்லாரும் உருதுன்னாலதான்னு சொல்றாங்க" என்றாள். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 13, புதன்

அரையாண்டுத் தேர்வு. முதல் முறையாகத் தனி அறை, கேள்வி வாசிக்க ஒரு மிஸ், கூடுதல் நேரம். வாசலில் நின்றேன். எல்லாரும் போன பிறகு வந்தாள், கை முழுக்க மை.

"எல்லாக் கேள்வியும் எழுதினேன். ஸ்பெல்லிங் எல்லாம் கன்னாபின்னான்னு இருக்கும், இருக்கட்டும். அந்த மிஸ் ரொம்ப மெதுவாப் படிக்கிறாங்கம்மா, உன்னை மாதிரி இல்ல. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பார்த்தா யார் படிச்சாலும் எனக்குப் புரியுது. உன் குரலே வேணும்னு இல்ல."

சந்தோஷமான செய்தி. வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நெஞ்சு கொஞ்சம் வலித்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

காலையில் பழக்கதோஷத்தில் அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மௌனிகா காதில் எதையோ மாட்டிக்கொண்டு பியூலா மிஸ் பதிவு செய்து அனுப்பிய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை இல்லை.

இவர் வந்து கதவில் சாய்ந்து நின்றார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"சூப்பர்வைசருக்கு மறுபடியும் கேட்டாங்க" என்றார்.

"வேணாம்னுட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்." டப்பாவை மறுபடியும் திறந்தார். "சுகுணா, அந்த ஜெயசீலன் சார் பெரியவங்களுக்கும் டெஸ்ட் எடுப்பாரா?"

தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். அழுதால் சங்கடப்படுவார்.

"நாளைக்கே போன் பண்ணிக் கேக்கறேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன், நான் எதையும் சொல்லிக்குடுக்க மாட்டேன்" என்றேன்.